ஙாப்பி இல்லாமல் பர்மா சமையல் முடியுமா?

சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிட்டுப் பழகிவிட்டது, இப்போது பாரம்பரிய பர்மா சாப்பாட்டை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை, ஆனால் யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், பாதிப் பொருள் இங்கே கிடைக்காது போலிருக்கிறது, ஙாப்பி என்கிற நொதித்த மீன் விழுதை வாங்கி வந்தால் வீட்டில் என்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு விஷயம். எது அசல், அப்புறம் அது நம்மூர் அடுப்படியில் நடக்குமா. இரண்டாவதுக்குப் பதில் சுலபம்: நடக்கும், நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே நடக்கும். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா வழியில் எங்கள் வீடு அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்த வீடு. நான் ஓட்டல் சமையல் படித்துவிட்டு அதே ரங்கூனில், இப்போதைய யாங்கோனில், சில வருடங்கள் அடுப்பில் நின்றேன். அதனால் எனக்குக் கைவந்தது யாங்கோன், ஐராவதி டெல்டா, கொஞ்சம் மண்டலே, இந்தப் பக்கத்து வீட்டுச் சமையல். கச்சின், சின் மலைச் சமையலைப் பற்றி நான் பேசினால் நம்பாதீர்கள். ஷான் சமையலில் ஒன்றிரண்டு மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

அசல் என்பதை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். மிளகாய், தக்காளி, நிலக்கடலை இல்லாமல் இன்றைக்குப் பர்மிய வீட்டில் ஒரு நாள் ஓடாது. மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர்கள். யாங்கோன் தெருவில் விற்கும் பலாத்தா நம் பரோட்டாதான், தோஷே நம் தோசைதான், டான்பவுக் என்பது பிரியாணி. சமூசாவைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி முட்டைக்கோஸ், வெங்காயம், புதினாவோடு கலந்து, மேலே பருப்பு ரசம் மாதிரி ஒன்றை ஊற்றித் தருவார்கள். இதைப் பர்மா சாப்பாடு இல்லை என்று சொன்னால் அங்கே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் உப்பு 1908-க்குப் பிறகு ஜப்பானில் பிறந்தது, ஆனால் பர்மிய அடுப்படிகளில் அது உப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். நான் வீட்டில் போடுவதில்லை. போடுகிறவர்களைப் போலி என்று சொல்லவும் மாட்டேன்.

ஆனால் சில விஷயங்களில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் அது பர்மா குழம்பு ஆகாது. மல்லித்தூள், சீரகத்தூள், சோம்பு என்று வரிசையாகப் போட்டாலும் ஆகாது. ஆட்டுக்கறி மாதிரியானவற்றுக்குக் கடைசியில் ஒரு சிட்டிகை மசாலாத்தூள் போடுகிற வீடுகள் உண்டு, அந்த அளவோடு சரி. யூடியூபில் நீங்கள் பார்த்த செய்முறைகளில் பொருள் பட்டியல் மிக நீளமாக இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடலாம் என்பது என் அனுபவம். குறிப்பாக நம்மூர் ரெஸ்டாரண்டுகளில் 'கௌ சுவே' என்று தருகிற தேங்காய்ப்பால் நூடுல்ஸ், பாதி நேரம் கோழிக் குருமாவில் நூடுல்ஸ் போட்டதாகத்தான் இருக்கிறது.

நீங்கள் சாப்பிட்ட அத்தோவுக்கு வருவோம். 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964-ல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு லட்சக்கணக்கில் இந்திய வம்சாவளியினர் கிளம்ப வேண்டிவந்தது. அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். அப்படி வந்தவர்களுக்காகத்தான் பாரிமுனைப் பக்கம் பர்மா பஜார் உருவானது, அத்தோ வண்டிகளும் அதை ஒட்டியே வளர்ந்தன. பர்மாவில் கையால் பிசைந்து தரும் பண்டங்களுக்கெல்லாம் தோ என்று பெயர். அத்தோ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. யாங்கோனில் நூடுல்ஸ் தோ வாங்கினால் அதில் இறால் பொடியும் ஃபிஷ் சாஸும் வறுத்த கடலை மாவும் இருக்கும், நூடுல்ஸ் அவ்வளவு ஆரஞ்சு நிறத்தில் இருக்காது. சென்னை வண்டிகளில் மீன் வாடை பெரும்பாலும் போய்விட்டது, நிறமும் தட்டை நொறுக்கலும் கூடியிருக்கின்றன. வாழைத்தண்டு சூப்பு என்பது மொஹிங்கா என்ற மீன் சாறு நூடுல்ஸின் மீனை எடுத்துவிட்ட வாரிசு என்பது என் ஊகம். ருசித்துப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். ஆக நீங்கள் ஏற்கெனவே பர்மா சமையலின் உள்ளே நிற்கிறீர்கள்.

தொடக்கத்துக்குத் தோ வகைதான் சரி, குழம்பு வேண்டாம். அதற்கு முதலில் ஒரு மதியம் உட்கார்ந்து நாலைந்து பாட்டில் தயார் செய்துகொள்ளுங்கள். கால் லிட்டர் கடலை எண்ணெயில் 200 கிராம் சின்ன வெங்காயத்தை ஒரே கனத்தில் மெல்லிசாக நறுக்கிப் போடுங்கள். எண்ணெய் கொதித்த பிறகு போடக்கூடாது. மிதமான சூட்டிலேயே போட்டு, சிட்டிகை மஞ்சள் தூவி, மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சளசளவென்று நுரைக்கும், அப்புறம் நுரை அடங்கி வெங்காயம் விளிம்பில் வைக்கோல் நிறத்துக்கு வரும். அந்த இடத்திலேயே அரித்து எடுத்துவிடுங்கள். வெளியே வந்த பிறகும் அது சிவக்கும், வாணலியிலேயே சிவக்க விட்டால் கசக்கும். தட்டில் பரப்பி ஆறவிட்டால் மொறுமொறுவென்று ஆகிவிடும். வெங்காயமும் எண்ணெயும் தனித்தனிப் பாட்டிலுக்குப் போகும். பூண்டுக்கும் இதே முறை. அடுத்தது வறுத்த கடலை மாவு: அவர்கள் கடலை மாவை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுப்பார்கள், நீங்கள் பொட்டுக்கடலையைப் பொடித்துச் சலித்துக்கொண்டால் போதும், வேலை முடிந்தது. வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை, வறுத்த எள், வறுத்து நொறுக்கிய வரமிளகாய், கெட்டியான புளிக்கரைசல். அசைவம் உண்டென்றால் சென்னாக்கூனியை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து ஒரு சின்ன டப்பா.

இந்தப் பாட்டில்கள் இருந்தால் தினமும் ஒரு தோ செய்யலாம். என் சிபாரிசு வல்லாரை. ஆமாம், நம் வல்லாரைக் கீரையேதான், அங்கே பச்சையாகச் சாப்பிடுவார்கள். ஒரு கட்டைக் கழுவி, ஈரம் போக உதறி, தண்டோடு பொடியாக நறுக்குங்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தண்ணீரில் அலசிப் பிழிந்துகொள்ளுங்கள். தக்காளி ஒன்று, பச்சை மிளகாய் ஒன்று, இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, இரண்டு ஸ்பூன் வேர்க்கடலை, ஒன்றரை ஸ்பூன் வெங்காய எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு அல்லது ஃபிஷ் சாஸ். கரண்டி வேண்டாம், விரல் நுனியால் பிசையுங்கள்; மாவு கீரையின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இலையில் ஒட்டும், ஆனால் கீரை துவளக்கூடாது. வறுத்த வெங்காயத்தைக் கடைசியில் தூவி உடனே சாப்பிட வேண்டும், பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விட்டுவிடும். இதைச் சுடுசோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். புளிப்பு, எண்ணெய், வறுத்த வாசம், மொறுமொறுப்பு எல்லாம் கடைசி நொடியில் ஒன்றுசேர்வது பர்மா சாப்பாட்டின் பாதி. அடுப்பில் நடப்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதிதான் ஹின், அதாவது குழம்பு. கோழி ஹின் ஒன்றைச் சரியாகக் கற்றுக்கொண்டால் மீன், இறால், முட்டை எல்லாம் அதன் வழியிலேயே வரும். ஒரு கிலோ கோழிக்கு 400 கிராம் வெங்காயம், எட்டுப் பத்துப் பல் பூண்டு, கட்டைவிரல் அளவு இஞ்சி. இவற்றை மிக்ஸியில் தண்ணீர் விட்டு மைய அரைக்காதீர்கள், இடியுங்கள், அல்லது தண்ணீர் இல்லாமல் ஒன்றிரண்டாகச் சுற்றுங்கள். கோழியில் மஞ்சள், உப்பு, ஒரு ஸ்பூன் ஃபிஷ் சாஸ் பிசிறி வையுங்கள். நூறு மில்லி கடலை எண்ணெயைக் காயவைத்து விழுதைப் போட்டு, இரண்டு ஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள் சேர்த்து, சின்னத் தீயில் இருபது இருபத்தைந்து நிமிடம் வதக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முதலில் விழுது எண்ணெயைக் குடித்துவிட்டு ஈரமாகத் தளதளவென்று கொதிக்கும். ஈரம் போகப் போகச் சத்தம் மெலியும், நிறம் செங்கல் சிவப்புக்கு வரும், பச்சை வெங்காயத்தின் காட்டம் மறைந்து ஒரு தித்திப்பு வாசம் கிளம்பும். அப்போது கோழியைப் போட்டுப் பிரட்டி, தட்டிய லெமன்கிராஸ் ஒரு தண்டு சேர்த்து, தண்ணீர் கொஞ்சமாக விட்டு மூடுங்கள். வெந்ததும் மூடியைத் திறந்து தண்ணீர் முழுக்க வற்றவிட வேண்டும். குடித்த எண்ணெயை விழுது திரும்பக் கக்கி, மேலே சிவப்பாக மிதக்கும்போது அடுப்பை அணையுங்கள். இதை அவர்கள் சீ பியான் என்பார்கள், எண்ணெய் திரும்பி வந்தது என்று பொருள். நம் அம்மாக்கள் 'எண்ணெய் பிரியட்டும்' என்று சொல்வதும் இதே கட்டம்தான், ஆனால் நாம் அதன் பிறகு தண்ணீர் ஊற்றுகிறோம், அவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எண்ணெய் அதிகமாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். மேலே நிற்கும் எண்ணெய் வெயில் காலத்தில் சாப்பாட்டைக் கெடாமல் காத்தது, அதனால்தான் இந்தப் பழக்கம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை வரலாறாக நான் எழுதித் தரமாட்டேன். உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: எண்ணெயைப் பாதியாகக் குறைத்தால் விழுது வதங்காமல் அடிபிடிக்கும். முழு அளவில் சமைத்துவிட்டு, பரிமாறும்போது மேலெண்ணெயை வடித்துவிடுங்கள். அந்த வடித்த எண்ணெயை மறுநாள் சோற்றைக் கிளற வைத்துக்கொள்ளலாம், வீணாகாது.

ஹின்னை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் திகட்டும், அதனால்தான் அங்கே எல்லாம் ஒன்றாக வருகிறது. நடுவில் சோறு, ஒரு ஹின், ஒரு தோ, பச்சைக் காய்கறியும் அவித்த காயும் ஒரு தட்டு, தொட்டுக்கொள்ள ஒன்று, இடையிடையே உறிஞ்ச ஒரு கிண்ணம் புளிப்புச் சாறு. நம்மைப்போல முதலில் சாம்பார், பிறகு ரசம், பிறகு மோர் என்று வரிசை கிடையாது. கையால்தான் சாப்பிடுவார்கள், மூத்தவர் தட்டில் முதல் கவளம் வைத்த பிறகே மற்றவர்கள் தொடங்குவது பழைய வீடுகளில் இன்றும் உண்டு. புளிப்புச் சாறுக்கு உங்களிடம் கைவசம் புளிச்சக்கீரை இருக்கிறது, பர்மியர்கள் அதை விட்டு ஒரு வாரம் இருக்க மாட்டார்கள். சாறாக வைக்கலாம், அல்லது வெங்காயம், பூண்டு, மஞ்சள், பச்சை மிளகாய், கொஞ்சம் உலர்ந்த இறாலோடு வதக்கி, கிடைத்தால் மூங்கில் குருத்து சேர்க்கலாம். மூங்கில் குருத்து பச்சையாகக் கிடைத்தால் நறுக்கி நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், பச்சைக் குருத்தில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. இதில் விளையாட்டு வேண்டாம்.

சரி, ஙாப்பி. மீனையோ இறாலையோ உப்பிட்டு நொதிக்க வைத்த விழுது. நம் கருவாட்டு வாடைக்குப் பழகிய வீடென்றால் பாதி தூரம் கடந்துவிட்டீர்கள், மலேசியா சிங்கப்பூரில் பெலாச்சான் என்ற இறால் விழுது பழகியவர்களுக்கு அதுவும் தேவையில்லை. ஙாப்பி இல்லாமல் தோ, ஹின், தேங்காய்ப்பால் நூடுல்ஸ் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். அங்கேயும் எல்லா ஹின்னிலும் அதைப் போடுவதில்லை. ஆனால் ஙாப்பியைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்து, சுட்ட பூண்டு, சுட்ட மிளகாய், எலுமிச்சை சேர்த்துக் காய்கறியோடு தொட்டுச் சாப்பிடும் ஙாப்பியே இருக்கிறதே, அதற்கு மாற்றே கிடையாது. மற்ற இடங்களில் சென்னாக்கூனிப் பொடியும் ஃபிஷ் சாஸும் சேர்ந்து முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். வாங்கத் துணிந்தால் கொஞ்சமாக வாங்கி, வாழையிலையில் மடித்துச் சுட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பச்சை வாடை அடங்கும். ஜன்னலைத் திறந்து வைப்பது உங்கள் குடும்ப அமைதிக்கு நல்லது. சுத்த சைவம் என்றால் பகான் பக்கம் கொள்ளுப் பயற்றை அவித்து நொதிக்க வைத்துச் செய்யும் பொன்யேஜி என்ற கறுப்பு விழுது ஒன்று இருக்கிறது, அந்த ஆழமான ருசியை அது தரும். இங்கே அது கிடைப்பது அரிது.

மொஹிங்காவை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது காலைப் பலகாரம். அரைக் கிலோ கெளுத்தியை மஞ்சள், லெமன்கிராஸ், இஞ்சி, உப்போடு இரண்டு லிட்டர் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, தண்ணீரை வடித்து வைக்கவும். ஹின்னுக்குச் சொன்ன அதே விழுதைப் பாதி அளவு வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு, கவிச்சி போகும்வரை பிரட்ட வேண்டும். இதை அரைகுறையாகச் செய்தால் அப்புறம் என்ன போட்டாலும் கவிச்சி போகாது. வடித்த தண்ணீரை ஊற்றி, வறுத்துப் பொடித்த அரிசி மாவு நாலு ஸ்பூனைக் குளிர்ந்த நீரில் கரைத்து விட்டு, நார் எடுத்த இளம் வாழைத்தண்டு வளையங்கள், முழுச் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, மிளகுத்தூள், ஃபிஷ் சாஸ் சேர்த்து முக்கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். சில வீடுகளில் அரிசிக்குப் பதில் கடலை மாவு, சிலர் இரண்டும். யார் சரி என்று அங்கேயே தீராத சண்டை, நான் அரிசிக் கட்சி. அசலில் போடுவது லேசாகப் புளித்த அரிசி மாவில் பிழிந்த மெல்லிய நூடுல்ஸ். நம் சேவை நாழியில் பிழிந்த அரிசிச் சேவை அதற்கு மிக நெருக்கம், கடையில் விற்கும் காய்ந்த அரிசி நூடுல்ஸை விட நல்லது. மேலே அவித்த முட்டை, கொத்தமல்லி, எலுமிச்சை, நொறுக்கிய வரமிளகாய், பிறகு பேஜோ, அதாவது பருப்பு வடகத் தட்டை. ரக்கைன் பக்கம் போனால் இதே கிண்ணம் தெளிந்த சாறும் மிளகுக் காரமுமாக வேறு பண்டமாக இருக்கும்.

வீட்டில் மீனே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஷான் தோஹு செய்து கொடுங்கள், சோயா இல்லை, கடலை மாவுதான். ஒரு கப் மாவு, மூன்று கப் தண்ணீர், உப்பு, மஞ்சள். கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கை ஓயாமல் கிளறி, பளபளப்பாகக் கெட்டியானதும் எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட்டால் அல்வா மாதிரி இறுகும். வெட்டிப் பொரிக்கலாம், அல்லது மெல்லிசாகச் சீவித் தோ செய்யலாம்.

கடைசியாக லப்பெத், நொதித்த தேயிலை. இதை மட்டும் வீட்டில் செய்ய முயல வேண்டாம் என்பேன். ஷான் மாநிலத்தில் நம்சான் போன்ற மலை ஊர்களில் இளந்தளிரை ஆவியில் வேகவைத்து, பாரம் ஏற்றி மாதக்கணக்கில் நொதிக்க விடுவார்கள். டீத்தூளை ஊறவைத்துப் பிழிந்தால் லப்பெத் ஆகும் என்று சொல்கிறார்களே, அதில் கசப்பு மட்டும்தான் வரும். மணிப்பூரில் எல்லையில் இருக்கும் மோரே சந்தையில் பர்மாப் பொருள்கள் கிடைத்துவந்தன, அங்கே பர்மாவிலிருந்து வந்த தமிழர் குடியிருப்பே இருக்கிறது; அந்தப் பக்கம் போகிறவர்களிடம் இப்போதும் கிடைக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். 2009-ல் சிங்கப்பூரில் சில பிராண்டுகளில் ஔரமைன் ஓ என்ற சாயம், துணிக்குப் போடுவது, கலந்திருந்ததைக் கண்டு விற்பனையைத் தடை செய்தார்கள். நல்ல லப்பெத் மங்கலான பாசிப் பச்சையாக இருக்கும், பளீரென்று மஞ்சளடித்தால் தொடாதீர்கள். ஒரு ஸ்பூன் லப்பெத்துக்கு வறுத்த பூண்டு, பொரித்த பருப்பு வகைகள், வேர்க்கடலை, எள், தக்காளி, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை மிளகாய், எலுமிச்சை, பூண்டு எண்ணெய் போட்டுப் பிசைந்தால் போதும். மதியத்தில் சாப்பிடுங்கள். இரவில் சாப்பிட்டால் தூக்கம் போய்விடும், அங்கே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அதற்காகவே சாப்பிடுவார்கள்.